சம்பளத் தாளும் அடகுச் சீட்டும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெருவில், கண்டி மாவட்டமும் நுவரெலியா மாவட்டமும் ஒன்றையொன்று தொடும் எல்லையை ஒட்டி அமைந்துள்ள புசல்லாவை, தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு கடைத்தெரு நகரம். இந்நகரையும் ரொத்சைல்ட், டெல்டா, ஹெல்பொட, சோகம முதலிய தோட்டங்களையும் பற்றி எழுதப்பட்டவற்றுள் பெரும்பகுதி கொழுந்து பறிப்போரின் நாட்சம்பளத்தையும் தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறைகளின் நெருக்கத்தையும் பற்றியதாக இருப்பது நியாயமே. வறுமை அங்கேதான் மிகக் கடுமையாக இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆயினும் அதே லயங்களிலிருந்து ஒரு தலைமுறைக்கு முன்னர் வெளியேறி, ஆசிரியராகவும் தபாலக ஊழியராகவும் வங்கி எழுதுவினைஞராகவும் தோட்ட அலுவலகக் கிளாக்கராகவும் சிறுகடை முதலாளியாகவும் நிலைபெற்ற குடும்பங்கள் 2022இலும் அதன் பின்னரும் கண்ட சரிவு போதிய அளவு பதிவாகவில்லை. அவர்களைப் பட்டினி கிடந்தவர்கள் என்று சொல்ல முடியாது. மீண்டும் லயத்துக்குத் திரும்பிவிடக் கூடாது என்பதற்காக முப்பது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக எழுப்பிய மதிலை அவர்கள் இழந்தார்கள்.

இங்கே நடுத்தர வர்க்கம் எனக் குறிக்கப்படுவது, மாதச் சம்பளமோ அதற்கு இணையான ஒழுங்கான வருமானமோ உடைய, நகரத்திலோ அதன் ஓரத்திலோ பத்துப் பன்னிரண்டு பேர்ச் காணியில் (ஒரு பேர்ச் என்பது ஏக்கரின் 160இல் ஒரு பங்கு) கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் வாழும், பிள்ளைகளை உயர்தரப் பரீட்சை வரைக்கும் அதற்கு அப்பாலும் படிக்கவைக்கத் தீர்மானித்த குடும்பங்களே. யாழ்ப்பாணத்திலோ கண்டி நகரத்திலோ உள்ள நடுத்தரக் குடும்பங்களுக்கு இருப்பதுபோலப் பாட்டன் விட்டுச்சென்ற வயலோ தென்னங்காணியோ இவர்களுக்கு இல்லை. அதற்கான காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. குடியுரிமை இல்லாதவருக்கு அரச உத்தியோகம் இல்லை. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களை இலங்கை, இந்தியா ஆகிய இரு நாடுகளுக்கிடையில் பங்கிட்டது. எஞ்சியோரின் சிக்கல் 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்களோடுதான் தீர்வுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் 1970களில் அரசின் கைக்கு மாறி, பின்னைய பத்தாண்டுகளில் மலையக இளைஞர்களுக்குத் தொகையாக ஆசிரியர் நியமனங்கள் கிடைத்தபோதுதான் சம்பளத் தாள் என்ற ஒன்று இவ்வீடுகளுக்குள் முதன்முதலாக வந்தது. பின்னர் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. புசல்லாவையில் சரஸ்வதி மத்திய கல்லூரி போன்ற பாடசாலைகள் உயர்தர வகுப்பை எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தன. ஆகவே இவ்வர்க்கத்தின் வயது ஏறத்தாழ ஒரே தலைமுறை. அதன் முழு ஆதாரமும் ஒரு சம்பளம், மிஞ்சினால் கணவன் மனைவி இருவரின் இரண்டு சம்பளங்கள்.

இப்பிரதேசம் வீழ்ச்சியை அறியாததன்று. வோர்ம்ஸ் சகோதரர்கள் 1841இல் சீனத் தேயிலைக் கன்றுகளை நட்டுப்பார்த்த ரொத்சைல்ட் தோட்டம் அந்நாளில் கோப்பித் தோட்டமாகவே இருந்தது. 1869இல் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்ததையும், தோட்டக்காரருக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கி 1884இல் மூடப்பட்டதையும் வரலாற்று நூல்கள் கூறும். ஆனால் புசல்லாவையின் முதியவர்கள் 2022ஐ எதனோடு ஒப்பிட்டார்கள் என்றால், ‘சிறிமா காலம்’ என்று அவர்கள் பேசும் 1970–77 ஆண்டுகளோடுதான். கூப்பன் அரிசி குறைக்கப்பட்டு, உணவகங்களில் குறித்த நாட்களில் சோறு தடைசெய்யப்பட்டு, பாணுக்கு விடியற்காலையிலிருந்தே வரிசை நின்று, மரவள்ளிக்கிழங்கே உணவாகிப் போன அக்காலத்தில், 1973–74இல் தோட்டங்களில் பசியால் மக்கள் இறந்தனர். அந்த வரிசைகளில் தாயின் முந்தானையைப் பிடித்து நின்ற பிள்ளைகளே பிற்காலத்தில் ஆசிரியர்களானவர்கள். அறுபதை நெருங்கிய வயதில் அவர்கள் மீண்டும் வரிசையில் நின்றபோது இரு காலங்களுக்குமிடையே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் கண்டார்கள்: சிறிமா காலத்தில் லயத்துக் குடும்பத்துக்குக் கடன் கொடுக்க வட்டிக்காரனைத் தவிர எவரும் இருக்கவில்லை, ஆதலால் பஞ்சம் நீங்கியபோது அதனோடு பெரும் சுமை எதுவும் எஞ்சவில்லை; 2022இலோ வங்கிகள் முன்னரே கடன் கொடுத்திருந்தன.

நெருக்கடியின் தேசியக் காரணங்கள் பலரும் அறிந்தவை. 2019 இறுதியில் அறிவிக்கப்பட்ட பெரும் வரிக் குறைப்பு, கொவிட் காலத்தில் நின்றுபோன சுற்றுலா வருமானம், 2021இல் ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தமை, டொலரை ஏறத்தாழ 200 ரூபாவில் பிடித்துவைத்திருக்கக் கையிருப்பைச் செலவிட்டமை ஆகியன ஒன்றுசேர்ந்தன. 2022 மார்ச்சில் ரூபாவின் மீதான அந்தப் பிடி கைவிடப்பட்டது. மே மாதத்தில் டொலர் 360 ரூபாவளவில் நின்றது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் தவணைகளைச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். பணவீக்கம் என்பது ஓராண்டுக்கு முன்னிருந்த விலைகளோடு ஒப்பிட்டு இன்றைய விலைகள் எவ்வளவு ஏறின என்பதைக் காட்டும் அளவு. அதைச் சம்பளத்தோடு சேர்த்து வாசித்தால்தான் அதன் பொருள் துலங்கும். மாதம் 60,000 ரூபா எடுக்கும் ஆசிரியர் ஒருவரின் சம்பளம் தாளில் மாறாதிருக்க, ஓராண்டில் அதன் வாங்கும் சக்தி ஏறத்தாழ 35,000 ரூபாவாகச் சுருங்கியது. 2021இல் மூன்று மாதங்களுக்கு மேலாக ஆசிரியர்களும் அதிபர்களும் பணிப்பகிஷ்கரிப்பு நடத்திப் பெற்ற சம்பளத் திருத்தத்தையும், 2022 ஜனவரியில் அரச ஊழியருக்கு வழங்கப்பட்ட 5,000 ரூபா கொடுப்பனவையும் சில வாரங்களிலேயே விலையேற்றம் விழுங்கிவிட்டது.

இக்கட்டுரையாளரின் நினைவில் அந்த ஆண்டு முதன்மையாகச் சமையலறையின் ஆண்டு. ஆசிரியர் சம்பளத்தில் நடந்த அவரது வீட்டில் காஸ் அடுப்பு வந்த நாள் ஒரு சிறு விழாவாகவே கொண்டாடப்பட்டிருந்தது. லயத்து வீட்டின் புகை படிந்த சுவரிலிருந்து விலகி வந்ததற்கு அது கண்முன் நின்ற சான்று. 12.5 கிலோ சிலிண்டர் 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபா. அம்மாதத்திலேயே 2,675 ரூபாவானது. 2022 ஏப்ரலில் 4,860 ரூபா. இடையில், 2021 நவம்பர், டிசெம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வர, அடுப்பைப் பற்றவைக்கவே பெண்கள் அஞ்சினார்கள். பின்பு விலை கொடுத்தாலும் சிலிண்டர் கிடைக்காத மாதங்கள் வந்தன. மண்ணெண்ணெய் அடுப்பு பரணிலிருந்து இறங்கியது. அந்த மண்ணெண்ணெயும் 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவுக்குத் தாவியது. எஞ்சியது விறகு. தேயிலைச் செடியைக் குறித்த ஆண்டுகளுக்கொருமுறை தாழ வெட்டிவிடும் கவ்வாத்து வேலையில் கழிந்துவிழும் மிலாறு என்னும் சுள்ளிகளே தோட்டங்களின் விறகு. தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்பவருக்குத்தான் அதில் உரிமை. நகரத்து வீடுகள் லயத்திலிருந்த அண்ணன் வீட்டுக்கும் சின்னம்மா வீட்டுக்கும் ஆளனுப்பி மிலாறு கட்டுகளை வாங்கிவரத் தொடங்கின. பதினைந்து ஆண்டுகளாகத் தீபாவளிக்குப் புடவையும் பிள்ளைகளுக்குக் கொப்பி பென்சிலும் கொடுத்தனுப்பிய வீடு, இப்போது வாங்கும் வீடானது. லயத்து உறவினர் அதை ஒருபோதும் குறையாகப் பேசவில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். “விறகுக்கு என்ன கணக்கு, எடுத்துக்கிட்டுப் போ தம்பி” என்பதே அவர்கள் வார்த்தை.

உணவில் ஏற்பட்ட மாற்றம் படிப்படியாக நிகழ்ந்ததால் அதைக் கவனித்தவர் குறைவு. 400 கிராம் பால்மா 2021 ஒக்டோபருக்கு முன் 380 ரூபா, 2022 மார்ச்சில் 790 ரூபா. பால்தேநீர் விருந்தாளிக்கு மட்டும் என்றாகி, பின்னர் விருந்தாளிக்கும் பிளேன்டீயே என்றானது. மீன் கருவாடாகி, கருவாடு நெத்தலியாகி, நெத்தலியும் வாரத்துக்கொருமுறை என்று சுருங்கியது. பருப்பில் தண்ணீர் கூடியது. இரவில் சோற்றுக்குப் பதிலாகக் கோதுமை மா ரொட்டி என்ற தோட்டத்துப் பழக்கம் திரும்பியது, ஆனால் மாவின் விலையும் ஏறிக்கொண்டிருந்ததால் அதுவும் சிக்கனமாகவில்லை. உரத் தடையால் நுவரெலியாப் பக்கத்து மரக்கறிச் செய்கை சரிந்திருந்தமையால், கரட்டும் லீக்ஸும் விளையும் மலைக்கு ஒரு மணி நேரப் பயணத் தூரத்திலிருந்தும் புசல்லாவைக் கடைகளில் அவற்றை நூறு கிராம், ஐம்பது கிராமாக நிறுத்து வாங்கினார்கள்.

ஆயினும் உணவைக் காட்டிலும் ஆழமாக வெட்டியது கடன். இவ்விடத்தில் சற்று விரிவாக நிற்பது அவசியம், ஏனெனில் நடுத்தரக் குடும்பங்களின் வீழ்ச்சியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் விலையேற்றத்தோடு நின்றுவிடுகிறது. அரச ஊழியர் பெறக்கூடிய ‘இடர்க் கடன்’ என்பது பத்து மாதச் சம்பளம் வரையில், அன்று 2,50,000 ரூபா உச்ச எல்லையோடு, குறைந்த வட்டியில் கிடைத்துச் சம்பளத்திலேயே மாதந்தோறும் கழிக்கப்படுவது. அது ஏறக்குறைய எல்லாருக்கும் இருந்தது. அத்தொகையில் வீடு கட்ட முடியாது என்பதால் வங்கியின் வீட்டுக்கடனும் இருந்தது. அவ்வீட்டுக்கடன்களில் பல, சந்தை வட்டியோடு சேர்ந்து ஏறியிறங்கும் மாறும் வட்டிக் கடன்கள். வங்கிகள் தம் மிக நம்பகமான வாடிக்கையாளரிடம் அறவிடும் சராசரி வட்டி 2021 இறுதியில் 9 சதவீதத்துக்கும் குறைவு. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியதன் பின் அச்சராசரி வட்டி ஏறி, ஆண்டிறுதியில் 27 சதவீதத்தைத் தாண்டியது. பதினைந்து ஆண்டுகளில் அடைக்கவேண்டிய 20 லட்சம் ரூபாக் கடனுக்கு 9 சதவீத வட்டியில் மாதத் தவணை ஏறத்தாழ 20,000 ரூபா; 27 சதவீதத்தில் அதுவே 45,000 ரூபாவுக்கு மேல். வருமானமே 60,000 ரூபாவாக உள்ள வீட்டுக்கு இதன் பொருள் என்ன என்பதற்கு விளக்கம் தேவையில்லை. பல இடங்களில் வங்கிகள் தவணையை முழுமையாக ஏற்றாமல் காலத்தை நீட்டிக் கொடுத்தன. அதனால் அன்றைய மாதம் கடந்தது, கடனோ ஓய்வுபெறும் வயதையும் கடந்து நீண்டது.

தவணைக்கும் அரிசிக்கும் இடையிலான இடைவெளியை நிரப்பியது தங்கம். பவுண் விலை ஏறியிருந்ததால் அதே சங்கிலிக்கு முன்னரைவிடக் கூடுதல் பணம் கிடைத்தது. அது வரமாகத் தோன்றினாலும், அடகு வட்டி 20 சதவீதத்துக்கு மேலே சென்றிருந்தமையால் கூடுதலாக வாங்கிய ஒவ்வொரு ஆயிரமும் நகையை மீட்கும் நாளை மேலும் தள்ளிவைத்தது. மலையகக் குடும்பத்தில் நகை என்பது அலங்காரப் பொருள் மட்டுமன்று. காணியுறுதி இல்லாமலேயே நூற்றைம்பது ஆண்டுகள் வாழ்ந்த சமூகத்துக்கு, கையில் எடுத்துக்கொண்டு ஓடக்கூடிய ஒரே சொத்து அதுவே. 1977இலும் 1983இலும் வன்செயல்களுக்கு அஞ்சி வீட்டை விட்டு வெளியேறியவர்கள் அதை நன்கு அறிவார்கள். கண்டிக்குப் போகும் பேருந்தில் கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி ஆசிரியைகள் சென்றது, தெரிந்தவர் கண்ணில் படாத ஊரில் அடகு வைப்பதற்காகத்தான். புசல்லாவையில் வைத்தால் வரிசையில் பழைய மாணவர் நிற்கக்கூடும். சம்பளத் தாளை வைத்திருந்த அதே உறைக்குள் அடகுச் சீட்டுகளும் சேர்ந்தன. ஒரு கட்டத்தில் அடகுச் சீட்டுகள் சம்பளத் தாள்களைவிடத் தடிமனாயின.

சீட்டு முறையும் குலைந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் மாதந்தோறும் சம தொகை போட்டு, முறைவைத்து ஒருவர் முழுத்தொகையையும் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு, ஆசிரியர் அறைகளிலும் அலுவலகங்களிலும் வங்கிக்கு இணையான ஒரு நிறுவனம். அதை நடத்துவது நம்பிக்கை ஒன்றே; முன்மாதங்களில் எடுத்துவிட்டவர் பின்மாதங்களில் போட முடியாமற்போனபோது பணத்தோடு உறவும் முறிந்தது. இருபது ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். விலைச் சுட்டெண் எதிலும் வராத இழப்பு இது. இக்கட்டுரையாளரின் கருத்தில், மீட்க மிகக் கடினமானதும் இதுவே.

பாடசாலையிலும் வகுப்புகளிலும் சரிவு வேறு உருவம் கொண்டது. பெற்றோல் 2021 டிசெம்பரில் லீற்றர் 177 ரூபா, 2022 ஜூனில் 470 ரூபா. ஜூன் இறுதியிலிருந்து இரு வாரங்கள் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்பட்டது. ஜூலையில் தேசிய எரிபொருள் அட்டையின் கியூஆர் குறியீட்டு முறை வந்தது. கடனில் வாங்கிய மோட்டார் சைக்கிளில் தோட்டப் பாடசாலைக்குப் போய்வந்த ஆசிரியர்கள் நடந்தார்கள். ஜூலை 25ஆம் திகதி பாடசாலைகள் மீளத் திறந்தபோது வாரத்தில் மூன்று நாட்களே வகுப்புகள் நடந்தன. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேரம் வரை நீண்ட மின்வெட்டில் உயர்தர மாணவர்கள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். ஆனால் இவற்றைவிட நீண்டகால விளைவுடையது டியூஷன் என்னும் மேலதிக வகுப்பை நிறுத்தியதே. விஞ்ஞானம், கணிதப் பிரிவுகளில் தமிழ்மொழி மூல ஆசிரியர் பற்றாக்குறை மலையகத்தின் பழைய நோய். அதனை ஈடுசெய்ய நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளை வார இறுதியில் கம்பளைக்கும் கண்டிக்கும் அனுப்பிவந்தன. பேருந்துக் கட்டணமும் வகுப்புக் கட்டணமும் இருமடங்கானபோது, இரு பிள்ளைகளில் ஒருவரை நிறுத்தும் முடிவுக்குப் பெற்றோர் தள்ளப்பட்டார்கள். பெரும்பாலும் நிறுத்தப்பட்டது பெண்பிள்ளை. உயிரியல் பிரிவிலிருந்து கலைப் பிரிவுக்கு மாறிய மாணவியரின் வாழ்க்கையில் அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை.

நோய் வந்தால் நிலைமை மேலும் இறுகியது. 2022 மார்ச் இறுதியில் மருந்துப் பற்றாக்குறையால் பேராதனை போதனா வைத்தியசாலை திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் இலவசமாகக் கிடைத்த மாத்திரைகளை வெளியே வாங்க நேர்ந்த ஓய்வூதியர்கள், ஒருநாள் விட்டு ஒருநாள் விழுங்கி நாட்களைக் கடத்தினார்கள்.

உதவி வந்தது, ஆனால் அது இவர்களுக்கு உரியதாக இருக்கவில்லை, இருந்திருக்கவேண்டும் என்று இவர்களும் கோரவில்லை. 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் வந்து சேர்ந்தன. 2023 ஜூலையில் ‘அஸ்வெசும’ என்னும் நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டம் தொடங்கியது. அத்திட்டம் வீட்டின் தன்மை, மின்பாவனை, வாகனம், வருமானம் முதலிய குறிகாட்டிகளால் குடும்பங்களைத் தரம்பிரிப்பது. சீமெந்து வீடும் மோட்டார் சைக்கிளும் அரச சம்பளமும் உள்ள குடும்பம் அதில் வசதியுள்ளதாகவே தோன்றும்; அவ்வீடு யாருடைய கடனில் நிற்கிறது என்பதைக் குறிகாட்டிகள் கேட்பதில்லை. உலக வங்கியின் மதிப்பீட்டில் இலங்கையின் வறியோர் விகிதம் 2021இல் 13.1 சதவீதமாக இருந்து 2022இல் 25 சதவீதமானது. வறுமைக்கோட்டுக்குக் கீழே விழுந்தவர்கள் எண்ணப்பட்டார்கள். கோட்டுக்குச் சற்று மேலே, அதன் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களைக் காட்டும் பத்தி அப்புள்ளிவிவரத்தில் இல்லை. வாய்விட்டுச் சொல்லாததும் ஒரு காரணம். தோட்டத்திலிருந்து படித்து வந்த ‘சேர்’, ‘டீச்சர்’ என்ற மரியாதை, கோயில் திருவிழாவில் உபயகாரர் வரிசையில் இடம்பெறுவதையும் கல்யாண வீட்டில் மொய் எழுதுவதையும் எதிர்பார்ப்பது. அம்மரியாதையைக் காப்பாற்றவே சிலர் மேலும் ஒரு வளையலை அடகு வைத்தார்கள். இதனை வீண் பெருமை என்று ஒதுக்குவது எளிது, ஆனால் சரியன்று. மூன்று தலைமுறைகள் துரைக்கும் கங்காணிக்கும் முன் தலைகுனிந்து நின்ற மக்கள் முதன்முறையாகப் பெற்ற மதிப்பை விட்டுக்கொடுக்க மறுத்தார்கள்.

வெளியேற முடிந்தவர்கள் வெளியேறினார்கள். அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு சென்று வேலை செய்ய 2022 ஜூனில் அனுமதி கிடைத்தது. அவ்வாண்டில் மட்டும் வெளிநாட்டு வேலைக்காக நாட்டை விட்டுச் சென்றவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர். புசல்லாவையிலிருந்து முன்னர் வளைகுடாவுக்குச் சென்றவர்கள் தோட்டத்துப் பெண்கள், வீட்டுப் பணிக்காக. இப்போது பட்டதாரிகளும் களஞ்சிய வேலைக்கும் காவல் வேலைக்கும் போனார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தின் முதற்பங்கு வட்டிக்கே போனது.

2023 நடுப்பகுதியில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியதும், அதே ஆண்டு மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்திருந்ததும் நெருக்கடி முடிந்ததன் அறிகுறிகளாகக் கொள்ளப்பட்டன. விலையேற்றத்தின் வேகம் குறைவது வேறு, விலை குறைவது வேறு. ஏறிய விலைகள் ஏறியவாறே நின்றன. அதற்கு மேல் மின்கட்டணம் 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் பெருமளவு உயர்ந்தது. பெறுமதி சேர் வரி படிப்படியாக 8 சதவீதத்திலிருந்து 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி விதிக்கப்பட்டது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் தனியார்துறை ஊழியரின் சேமலாப நிதி வைத்திருந்த அரச பிணைமுறிகளின் வட்டி குறைக்கப்பட்டது. 2024இல் அரச ஊழியரின் வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு 10,000 ரூபாவால் கூட்டப்பட்டபோது, புசல்லாவையின் பல வீடுகளில் அத்தொகை கைக்கு வருமுன்னரே ஒதுக்கப்பட்டுவிட்டது: ஒரு பங்கு மின்பட்டியலுக்கு, மறுபங்கு நீட்டப்பட்ட கடனுக்கு.

ஓய்வுபெறுவோரின் நிலை இன்னும் சிக்கலானது. 2022ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் ஓய்வு வயதை 65 ஆக உயர்த்தியது. அதை நம்பிக் கடன் கணக்கைத் திருத்தியவர்களுக்கு, அதே ஆண்டு ஓகஸ்டில் வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டதால், டிசெம்பர் 31ஆம் திகதியோடு பணியிலிருந்து நீங்க நேர்ந்தது. ஓய்வின்போது மொத்தமாகக் கிடைக்கும் பணிக்கொடையிலிருந்து நிலுவைக் கடன் கழிக்கப்பட்டது. மகளின் திருமணத்துக்கென்றோ, கூரையில் போட்ட தகரத்தை எடுத்துவிட்டுக் கொங்கிறீற் இடுவதற்கென்றோ முப்பது ஆண்டுகள் எண்ணி வைத்திருந்த தொகை அது. அவர்களில் சிலர் இப்போது தங்கள் வீட்டு முன்னறையில் புலமைப்பரிசில் வகுப்பு நடத்துகிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளிடம் கட்டணத்தைக் கேட்டு வாங்க அவர்களுக்கு மனம் வருவதில்லை, வாங்காமல் இருக்கவும் இயலவில்லை. பாதிக் கட்டணம் என்று பேசி, அந்தப் பாதியையும் தோட்டத்தில் சம்பளம் போடும் நாள் வரைக்கும் பொறுத்துக்கொள்கிறார்கள்.